மொட்டைமாடி வெள்ளையான கோடை

பிப்ரவரி 9, ஞாயிறு

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்து ஒரே அளவில் நிற்காது. வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும். முடிவுக்கு வரும்போது இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், சாயங்கால மின்சார ரயிலில் ஆட்கள் நிற்பதைப் போல. பேனாவை ரொம்ப அழுத்துகிறேன் என்று கலைமதி டீச்சர் சொல்கிறார். ஐஸ் கட்டியைக் கொக்கி போட்டு இழுத்த கை. எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் பிடிக்கும்.

என் பெயர் எத்திராஜ். காசிமேட்டில் ஐஸ் பேக்டரியில் வேலை செய்து ஓய்ந்தவன். மனைவி பெயர் பவுனு. குடியிருப்பு வாசலில் மீன் விற்கிறாள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் பழைய கட்டடங்களில் முதல் கட்டடம் எங்களுடையது. மேல்மாடி, மேற்கு மூலை. ஒரே அறை, எங்களுக்குப் போதும்.

கீழே பால்வாடியில், குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு பெரியவர்கள் எங்களுக்கு எழுதப் படிக்க வகுப்பு. அவர்களுடைய சின்ன நாற்காலிகளில்தான் உட்காருகிறோம். ஒரு நாள் டீச்சர் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எழுதச் சொன்னார். பவுனு என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பிள்ளை, பேரன் என்று பக்கம் முழுக்க எழுதிக்கொண்டே போனார்கள். சும்மா இருப்பானேன் என்று நானும் இன்னொரு முறை பவுனு என்று எழுதினேன்.

வாரத்துக்கு ஒரு தரமாவது எழுதுங்கள், யாரும் திருத்த மாட்டார்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஞாயிறு எழுதியதை இன்று படித்தேன். நான் எழுதியது எனக்கே புரிகிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று வாசலில் கூட்டம். ஓர் அதிகாரி வந்தார். கூடவே மெஹர் என்று ஒரு பெண், கட்டட இன்ஜினீயர், வாணியம்பாடிக்காரி. வெயிலில் பேசிப் பேசி அவள் முகம் சிவந்துவிட்டது.

எங்கள் கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்களாம். கட்டி முடிக்கும்வரை எங்களை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் வைப்பார்களாம். மெஹர் அதற்கு மறுப்புச் சொல்கிறாள். கட்டடத்தின் எலும்பு நன்றாக இருக்கிறது, சூடுதான் நோய், அதைச் சரிசெய்தால் போதும் என்கிறாள்.

"இந்தச் செங்கல்லெல்லாம் ஒரு தடவ சூளையில வெந்தாச்சு. சிமெண்டுக்கும் கம்பிக்கும் எரிக்க வேண்டியதை அன்னைக்கே எரிச்சாச்சு. அந்தப் புகை எப்பவோ மேல போயிடுச்சு. இதை இடிச்சுட்டு மறுபடி கட்டினா மறுபடி அத்தனையும் எரிக்கணும். மொட்டைமாடிய வெள்ளையாக்கி, ஜன்னலுக்கு நிழல் குடுத்து, ஃபேனையும் லைட்டையும் மாத்தினா, வீடும் குளுமை, கரண்டும் கம்மி."

அதிகாரி சிரித்தார். "பேச்சு நல்லாத்தாம்மா இருக்கு. நம்பரக் காட்டு."

எங்கள் முதல் கட்டடத்தில் மட்டும் இந்தக் கோடைக்குச் செய்து பார்ப்பார்கள். சூடு குறைந்தால் எல்லாக் கட்டடமும் நிற்கும். குறையாவிட்டால் எல்லாம் இடிபடும்.

பவுனு கூட்டத்திலேயே கேட்டாள்: "ஊருக்கு வெளிய கொண்டுபோய் வுட்டா அங்க யார்கிட்ட மீன் விக்கிறது, காக்காகிட்டயா?" எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் தூங்கும்போது கனவு. வானத்திலிருந்து பழைய புகை இறங்கி வந்து ஒவ்வொரு செங்கல்லாகத் தட்டி, நான் உள்ளே வரலாமா என்று கேட்கிறது. செங்கற்கள் இடமில்லை என்கின்றன.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெஹர் எங்கள் அறைச் சுவரில் ஒரு பெட்டி மாட்டினாள். சோப்பு டப்பா அளவுதான். வீட்டின் சூட்டை அதுவே அளந்து தனக்குள் வைத்துக்கொள்ளுமாம். பிறகு மொத்தமாக எடுத்துப் பார்ப்பார்களாம். கீழ்வீடுகளிலும் மாட்டியிருக்கிறார்கள், ஆனால் மொட்டைமாடிக்கு அடியில் எங்கள் வீட்டில் மட்டும்தான். இதைத்தான் அதிகாரி பார்ப்பார்.

"நல்லா பாத்துக்கோங்க தாத்தா," என்றாள்.

"கவலப்படாதே பாப்பா," என்றேன்.

அவள் போனதும் எதிர்வீட்டு டில்லிபாபு வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். பெட்டியை மூக்கு இடிக்கிற அளவுக்குப் பார்த்தான். "பெரிசு, இது சூடு ஜாஸ்தி காட்டிச்சுன்னு வெச்சுக்கோ, ஆள் இருக்க லாயக்கில்லாத கட்டடம்னு எழுதிக்கினு போயிடுவானுங்க. அப்பால நாளைக்கே புல்டோசர்தான்."

அவன் நாலு இடம் போகிறவன். பவுனு காசு முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டே பெட்டியையும் என்னையும் பார்த்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்தவர்களுக்கு விசிறி கொடுப்பதில்லையா. பெட்டியும் வந்ததுதானே.

பேக்டரியில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. படகுகளுக்கு ஏற்றும்போது உடைகிற துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாக்கில் உமி போட்டுச் சுற்றி டில்லிபாபு ஆட்டோவில் கொண்டுவந்தேன். பவுனு மீன் வைக்கும் அலுமினிய அன்னக்கூடையில் கொட்டிப் பெட்டிக்கு நேர் கீழே வைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஐஸ் அறையில் எது குளிரைக் காப்பாற்றுமோ அதையெல்லாம் செய்தேன்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐஸிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து தரையில் தவழ்ந்தது. எங்கள் அறையில் மத்தியான வேளையில் மார்கழி வந்துவிட்டது. பவுனு சுவரில் சாய்ந்து கால் இரண்டையும் அன்னக்கூடை பக்கம் நீட்டினாள். அவள் உள்ளங்காலின் வெடிப்புகள் எல்லாம் குளிர்ந்தன. கட்டடம் மெல்லக் கழன்று கடலுக்குள் போவதுபோல் இருந்தது. கண் திறந்தபோது ஐஸ் தண்ணீராகியிருந்தது. அதில் ஜன்னல் இடுக்கின் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

"பொட்டிக்கு வந்த வாழ்வப் பாரு," என்றாள் பவுனு.

மார்ச் 9, ஞாயிறு

தினமும் ஐஸ் வருகிறது. புதன்கிழமை மெஹர் வந்தாள். அன்னக்கூடையை எடுத்து அடுப்பு மூலையில் வைத்தேன். நடக்க இடம் அடைக்கிறதல்லவா.

"உங்க வீடு பரவாயில்லையே தாத்தா, குளுகுளுன்னு இருக்கு," என்றாள்.

நான் பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அவள் கொஞ்சம் யோசனையாக நின்றாள். பவுனு கொடுத்த நெத்திலி வறுவலைத் தின்றதும் யோசனை போய்விட்டது.

மார்ச் 15, சனி

இன்று பஸ்ஸின் பின்பக்கம் எழுதியிருந்ததை முழுவதும் படித்தேன். பஸ் போவதற்குள் முடித்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

மொட்டைமாடி வெள்ளையாகிவிட்டது.

முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். அத்தனை வருஷத்துப் பாசியும் கரியும் கறுப்புத் தண்ணீராக ஓடியது. விரிசல்களை அடைத்தார்கள். பிறகு பூச்சுக்குமேல் பூச்சு. மெஹரும் சுடிதாரை முடிச்சுப் போட்டுக்கொண்டு பிரஷ் பிடித்தாள். பெண்களுக்குத்தான் கோபம். கருவாடு எங்கே காயவைப்பது? தரையில் போட்டால் கறை பிடித்து வெள்ளை போய்விடும். கடைசியில் பழைய வலையைக் கழிகளில் இழுத்துக் கட்டி, அதன்மேல் கருவாடு என்று ஆயிற்று. அடியிலும் காற்று போவதால் சீக்கிரம் காய்கிறது. கோபித்தவர்களே இப்போது அது தங்கள் யோசனை என்கிறார்கள்.

காய்ந்த பிறகு உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். இந்த மாடியில் மத்தியானம் வெறுங்காலோடு யாரும் நின்றதில்லை. நான் நின்றேன். ஐஸ் கட்டியின் முதுகில் நிற்பதுபோல், மேகத்தில் இடம் பிடித்ததுபோல். கண் கூசியது. எங்கே மாடி முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. காகம் ஒன்று வந்து இறங்கியது. தன் நிழலைத் தானே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றது.

இரண்டாம் கட்டடத்து மொட்டைமாடி பக்கத்திலேயே கறுப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து மரியபுஷ்பம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாசலில் மீன் விற்கிறவள். வேப்பமர நிழல் யாருக்கு என்று பவுனுவுக்கும் அவளுக்கும் ஒருகாலத்தில் வந்த சண்டையில் இன்றுவரை பேச்சு இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி வந்துவிட்டது. புது ஃபேனும் வந்தது. சத்தமே இல்லை. ஓடவில்லை என்று நினைத்து இரண்டு முறை எழுந்து சுவிட்சைத் தட்டினேன். டில்லிபாபு விரலை நீட்டிப் பார்க்கப் போனான், அவன் பெண்டாட்டி அடித்தாள்.

கோடை வந்தால் படகுகளுக்கே ஐஸ் போதாது. உடைசல் கிடைப்பதில்லை. அதனால் என்ன, இனி பெட்டிக்கு ஐஸ் வேண்டாம். வீடே பார்த்துக்கொள்கிறது. அன்னக்கூடை மீனுக்குத் திரும்பிவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பவுனு மாங்காய்ப் பச்சடி செய்தாள். அவள் கழுத்தில் ஒவ்வொரு வருஷமும் பூக்கும் வேர்க்குரு இந்த வருஷம் இல்லை. தலைக்குமேல் தளத்தைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. ஸ்டூல்மேல் ஏறித் தொட்டேன். முன்பெல்லாம் கையை வைத்தால் இழுத்துக்கொள்வேன். இன்று குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. காய்ச்சல் விட்ட நெற்றி.

"கீழ எறங்குயா, வருசப் பொறப்பும் அதுவுமா இடுப்ப ஒடச்சுக்காத," என்றாள்.

ஏப்ரல் 23, புதன்

மெஹர் வந்தாள். பெட்டி சொன்னதையெல்லாம் எடுத்து ஒரு கோடாக்கித் தன் செல்போனில் வைத்திருந்தாள். எனக்குக் காட்டினாள்.

"பாருங்க தாத்தா. வெள்ளையடிக்கறதுக்கு முன்னாடி மத்தியான நேரத்துல கோடு எவ்வளவு கீழ இருக்கு. அடிச்சப்புறம் எவ்வளவு மேல போயிடுச்சு. வெளியில வெயில் ஏறினதக் கழிச்சுப் பாத்தாலும் இப்படித்தான் வருது. வெள்ளையடிச்சு நான் வீட்டச் சூடாக்கிட்டேனாம்."

"யாரு சொன்னது?"

"நேத்து மீட்டிங்ல. அந்த சார் சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கோடை முடிஞ்சதும் இடிக்கிற வேலைய ஆரம்பிக்கலாம்னு பேசிக்கறாங்க." பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "எங்க தப்பு நடந்துச்சுன்னு புரியல தாத்தா. மூணு நாளா தூங்கல."

நான் டீ போட்டேன். சர்க்கரையை இரண்டு முறை போட்டுவிட்டேன். அவள் அப்படியே குடித்தாள்.

ஏப்ரல் 24, வியாழன்

எழுதத் தெரியாமல் இருந்தபோது, ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் விட்டதுதான். இப்போது பேனா கேட்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பவுனுவிடம் கேட்டேன், அன்னக்கூடையால்தான் இப்படி ஆகியிருக்குமோ என்று. அவள் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"பின்ன? ஐஸ் வெச்சா பொட்டி குளிருன்னுதான் எழுதும். அதுக்கு இன்னா தெரியும், நீ வெச்சதா சாமி வெச்சதான்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நீ."

"கால நீட்டிக்கினு நானும்தான படுத்துகினேன்," என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "போய்ச் சொல்லு. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல."

ஞாயிறும் வேலைக்கு வருகிறவள் என்பதால் பஸ் ஏறி மெஹர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். பஸ் பலகையை நானே படித்து ஏறினேன். அதில் வரவேண்டிய சந்தோஷம் இன்று வரவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டில்லிபாபு பேச்சு, உமிச் சாக்கு, அன்னக்கூடை, ஜன்னல் சாத்தியது. அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். பிறகு மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது சிரிப்பு இல்லை.

"எனக்கு வேண்டியதே அந்தச் சூடுதான் தாத்தா. நீங்க பட்ட சூட்டக் காட்டினாதான் கொறஞ்சதக் காட்ட முடியும். அத ஒளிச்சு வெச்சுட்டீங்களே."

"மறுபடி அளக்க முடியாதா?"

"எப்படி அளக்கறது? மாடி வெள்ளையாயிடுச்சே. பழைய மாடி இப்ப எங்க இருக்கு?"

அப்படிக் கேட்டவள் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. இரண்டாம் கட்டடம். அதே அச்சு, அதே மேற்கு மூலை, இன்னும் கறுப்பு. அங்கே ஒரு பெட்டி, இங்கே ஒரு பெட்டி. கத்திரி வெயில் முழுக்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும் என்றாள்.

எனக்குத்தான் சிக்கல் தெரிந்தது. அந்த மேற்கு மூலை மரியபுஷ்பத்தின் வீடு. எங்கள் மாடியைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தக் கட்டடத்துக்காரர்கள் தாங்களே சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு அடிக்கப் போகிறார்கள். போதாததற்கு புஷ்பத்தின் மகள் ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

மே 1, வியாழன்

மெஹரையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் கட்டடம் போனேன். மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். சொன்னேன். சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. "மனுசனுக்கு ஐஸ் வெப்பாங்க, இவரு பொட்டிக்கே ஐஸ் வெச்சிருக்காரு" என்று ஒருவர் சொல்ல, மறுபடி தொடங்கியது.

சுண்ணாம்பைக் கத்திரி முடியும்வரை தள்ளிவைக்கச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நீ ஐஸ்ல படுத்துகினதுக்கு நாங்க வேவணுமா?" என்றார் அதே ஆள்.

புஷ்பம் மட்டும் யோசித்தாள். "இடிச்சிட்டான்னா எந்த மாடிக்கு அடிப்ப சுண்ணாம்பு? நான் காத்துக்கினு இருப்பேன் அண்ணே. ஆனா இவ?" ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. மெஹர் அவளைப் பார்த்ததும், "வேணாம் தாத்தா, இவங்க இங்க இருக்கக் கூடாது. விட்டுடலாம்," என்றாள்.

அப்போதுதான் பின்னால் பவுனுவின் குரல் கேட்டது. அவள் எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அவங்க ஏன் இங்க இருக்கணும்? எங்க வூட்ல இருக்கட்டும். நாங்க இங்க வரோம்."

புஷ்பம் பவுனுவைப் பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்து எத்தனை காலமோ. "வேப்பமர நெழலு?" என்று கேட்டாள் புஷ்பம்.

"அத்த அப்பால பேசிக்கலாம். புள்ளத்தாச்சிய நிக்க வெச்சுக்கினு நெழலாம் நெழலு."

மற்ற வீட்டுக்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டே காத்திருக்க ஒத்துக்கொண்டார்கள்.

மே 3, சனி

வீடு மாறினோம். ஆளுக்கு ஒரு மூட்டைதான்.

"எங்க கொழாய வேகமாத் திருவாத, பிச்சுக்கினு அடிக்கும்," என்றாள் பவுனு.

"எங்க கதவ எத்தி மூடணும், தள்ளினா மூடாது," என்றாள் புஷ்பம். "மாதா படத்துக்கு வெளக்கு ஏத்துவியா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. போன வருஷம் வரை எங்கள் வீடும் இப்படித்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதக் குளுமையில் உடம்பு மறந்துபோயிருக்கிறது. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நம்மேல் விடுகிறது. பானைத் தண்ணீர் வெந்நீர். பழைய ஃபேன் சூட்டையே அள்ளி அள்ளிப் போடுகிறது.

உச்சி நேரத்தில் இருவரும் கீழ்த்தளத்து நடையில் போய் உட்கார வேண்டும் என்பது மெஹரின் கட்டளை. மற்றபடி எப்போதும் இருப்பதுபோல் இருக்க வேண்டும். இங்கே புதிதாக மாட்டிய பெட்டிக்கு எதுவும் செய்யக் கூடாது. இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மே 11, ஞாயிறு

ஒன்றும் செய்யாமல் இருப்பது பெரிய வேலை. டில்லிபாபு வாசலில் நின்று, "பெரிசு, ஒரு சாக்கு ஐஸ் கொண்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

கண்ணை மூடினால் எல்லாம் வெள்ளையாக வருகிறது. இன்று அரைத்தூக்கத்தில், ஊரிலுள்ள மொட்டைமாடிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டே போயின. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, அதற்கும் அப்பால். மேலே போகிற வெயில் கீழே பார்த்து, இறங்க இடமில்லையே என்று திரும்பிப் போனது. பவுனு ஈரத்துணியால் என் முகத்தைத் துடைத்து எழுப்பினாள். "பொட்டிய நான் பாத்துக்கறேன், நீ கீழ வா," என்றாள். அதைப் பார்க்க ஒன்றும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மே 14, புதன்

பவுனு எங்கள் வீட்டுக் குழாயைச் சரிபார்க்கப் போனாள். நேற்றும் போனாள்.

மே 20, செவ்வாய்

ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம்.

மே 25, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பவுனு போய்ப் பார்த்துவிட்டு வந்து, அது தூங்குகிறது என்றாள். பிறகு குழாய்க்காகப் போனாள். வந்து, இன்னும் தூங்குகிறது என்றாள். ஒரு குழாய் இவ்வளவு கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியாது.

நானும் ஒருமுறை போனேன். மத்தியான நேரம். புஷ்பத்தின் புடவையில் தூளி. தட்டி வழியாக வெளிச்சம் கோடுகோடாக விழுந்து தூளியோடு ஆடியது. குழந்தையின் கழுத்தில் ஒரு வேர்க்குரு இல்லை. பெட்டி சுவரில் இருந்தது. அதனிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

மே 30, வெள்ளி

மெஹர் இரண்டு பெட்டிகளையும் எடுத்துப் போயிருந்தாள். இன்று அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரே காகிதத்தில் இரண்டு கோடுகள். மேலே ஓடும் கோடு நாங்கள் வெந்த வீடு. கீழே ஓடுவது குழந்தை தூங்கும் வீடு. உச்சி வேளையில் இரண்டுக்கும் நடுவே ஐந்து டிகிரிக்கு மேல் இடைவெளி. என் விரல் இரண்டை வைத்தால் சரியாக இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "எவ்வளவு சூடு பாத்தியா நம்ம வூடு," என்று பவுனுவிடம் காட்டினேன்.

"ஜெயிச்சிட்ட, போ," என்றாள்.

அதிகாரி காகிதத்தை மட்டும் நம்பவில்லை. நாங்கள் இருக்கும் இந்த வீட்டுக்குள் வந்து நின்றார். சட்டைக் கழுத்தை விரலால் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு அந்த வீட்டுக்குப் போனார். தூளியைப் பார்த்ததும் செருப்பை வெளியே விட்டு, குரலைத் தணித்து, "இங்க கரண்டு பில்லு எவ்வளவு வருது?" என்று புஷ்பத்தைக் கேட்டார். அவள் வாயில் விரலை வைத்து அவரை அடக்கினாள். கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே சும்மா நின்றார். வெளியே வந்து மெஹரிடம், "சரிம்மா. எல்லாத்தையும் ரிப்பேருக்கே எழுதிடறேன்," என்றார். படி இறங்கும்போது திரும்பி, "ஐஸ் வெச்சது யாரு?" என்று கேட்டார். டில்லிபாபு என்னைக் கைகாட்டினான். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மெஹர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பவுனு பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையில் கையை வைத்தாள். இருவரும் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

ஜூன் 1, ஞாயிறு

பெட்டி போய்விட்டது. இனி நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போகலாம். காலையில் மூட்டையைக் கட்டினேன். புஷ்பமும் அங்கே கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

பவுனு நான் கட்டிய மூட்டையை அவிழ்த்துப் பாயை எடுத்து மறுபடி விரித்தாள்.

"இன்னா பண்றே?" என்றேன்.

"இந்தச் சூட்டுக்குள்ள பச்சப்புள்ளயக் கொண்டாரச் சொல்றியா? இந்த மாடிக்கும் வெள்ள அடிச்சுக் காயட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

"நம்ம வூடு பவுனு."

அவள் ஜன்னல் வழியாக எதிரே பார்த்தாள். எங்கள் தட்டிக்குப் பின்னால் தூளியின் புடவைத்தலைப்பு அசைந்தது தெரிந்தது.

"நம்ம வூடு எங்கயா போவப்போவுது?" என்றாள். "நிக்கத்தான போவுது."

நான் பாயின் மறுமுனையைப் பிடித்து நேராக இழுத்துவிட்டேன்.

வரும் ஞாயிறு இந்த மாடிக்கு முதல் பூச்சு. சுண்ணாம்பு வேண்டாம், எங்கள் மாடிக்குப் போட்ட பூச்சையே போடுகிறார்கள். என்னையும் ஒரு பிரஷ் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அன்று கை ஓய்ந்து எழுத முடியாமல் போனால் டீச்சர் கோபிக்க வேண்டாம், அதற்கு மறுநாள் உட்கார்ந்தாவது எழுதிவிடுவேன். அடுத்த வாரம் தாண்டாது.